சரக்கு மாஸ்டரின் பக்குவத்தை எழுத்தில் கொண்டுவருவது எப்படி?

மைசூர்பாகுக்கு அளவு கேட்டால், இனிப்புக் கடையில் பண்டம் செய்யும் எந்தச் சரக்கு மாஸ்டரும் மறைக்காமல் சொல்லிவிடுவார்: "ஒண்ணுக்கு ரெண்டு சர்க்கரை, ரெண்டு நெய். கம்பிப் பதம் வந்ததும் மாவப் போடு." அதை அப்படியே எழுதி அடுத்தவரிடம் கொடுத்தால் சரக்கு வராது. அவர் சொன்னது டம்ளர் கணக்கு. ஒரு டம்ளர் கடலை மாவு 100 கிராம் என்றால் அதே டம்ளரில் சர்க்கரை 200 கிராம் நிற்கும். 'ஒரு கிலோ மாவு, இரண்டு கிலோ சர்க்கரை' என்று எழுதியவர் சர்க்கரையைப் பாதியாக்கிவிட்டார்! மாஸ்டர் பொய் சொல்லவில்லை. டம்ளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கைப்பழக்கத்தில் இருப்பது பெரும்பாலும் இப்படித்தான் வாயில் வராமல் போகிறது.

எனவே கேட்பதற்கு முன் அளக்க வேண்டும். ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்குமுன் நெய் டின், சர்க்கரை, மாவு எல்லாவற்றையும் எடை போட்டு வையுங்கள். முடிந்ததும் மிச்சத்தை எடை போடுங்கள். அவர் கை போட்டது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், நடுவில் தராசை நீட்டித் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. கடாயின் வாயகலம், பர்னரின் அளவு, கரண்டி ஒருமுறை எவ்வளவு கொள்ளும் என்பதையும் குறியுங்கள். அகலமான கடாயில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அதனால் 'பத்து நிமிடம் கொதிக்கவிடவும்' என்ற குறிப்பு அந்தக் கடாயை விட்டு வெளியே வந்தால் செல்லாது.

பாகுக்கு நிமிடத்தைவிட வெப்பநிலை நம்பகமானது. தண்ணீர் வற்ற வற்றப் பாகு கொதிக்கும் வெப்பநிலை ஏறும் என்பதால், தெர்மாமீட்டர் காட்டுவது உண்மையில் பாகில் மிஞ்சியிருக்கும் தண்ணீரைத்தான். ஒற்றைக் கம்பிப் பதம் (இரு விரலால் தொட்டுப் பிரித்தால் பாகு ஒரே நூலாக நீளும் நிலை) 105 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும், உருட்டுப் பதம் (தண்ணீரில் விட்ட சொட்டை உருட்ட வரும் நிலை) 112 முதல் 116 வரை. முதலில் தெர்மாமீட்டரைக் கொதிக்கும் வெந்நீரில் வைத்துச் சரிபாருங்கள். சென்னையில் 100 காட்ட வேண்டும். ஊட்டியில் தண்ணீரே சுமார் 93-ல் கொதித்துவிடும், அங்கே மேற்சொன்ன எண்கள் எல்லாவற்றிலும் ஏழு குறையும். தெர்மாமீட்டரின் முனை கடாயின் அடியைத் தொட்டால் அதிகமாகக் காட்டும்.

அதிரசத்துக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. வெல்லத்துக்கு வெல்லம் ஈரமும் அழுக்கும் மாறுவதால், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பதே மேல். உருட்ட வராத பாகில் போட்ட அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும். முற்றிய பாகில் போட்டது கல்லாகிவிடும்.

இனி கேள்விகள். "பொதுவா எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டால் ஊருக்கே தெரிந்த பதில்தான் வரும். அவர் கை மாறும் நொடியைப் பிடியுங்கள். அடுப்பைக் குறைக்கிறார், கிளறுவதை வேகப்படுத்துகிறார், கரண்டியைத் தூக்கிப் பார்க்கிறார் என்றால் அந்த நிமிடமே "இப்ப எதப் பாத்து அடுப்பக் குறைச்சீங்க மாஸ்டர்?" என்று கேட்டுவிட வேண்டும். மாலையில் கேட்டால் "அனுபவம்தான் தம்பி" என்பார். கை ஓயாத வேலையாக இருந்தால், தோளுக்குப் பின்னாலிருந்து போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே போட்டுக் காட்டுங்கள். சத்தமும் பதிவாக வேண்டும், பல மாஸ்டர்கள் நெய்யின் சூட்டைக் காதால்தான் பார்க்கிறார்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: புதுப் பையனைச் செய்யவிட்டு மாஸ்டரைப் பக்கத்தில் நிறுத்துவது. எது சரி என்று சொல்லத் தெரியாதவருக்குக்கூட எது தப்பு என்று உடனே சொல்ல வரும். "நெய் காயல, சத்தமே இல்ல பாரு" என்ற ஒரு அதட்டலில் ஒரு பத்தி அளவு விஷயம் இருக்கும். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

குறிப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று வேண்டும்: அளவு, கண்ணுக்கோ காதுக்கோ தெரியும் அடையாளம், தவறினால் என்ன ஆகும். மைசூர்பாகை இறக்கும் கட்டத்தை இப்படி எழுதலாம்: 'கடைசிக் கரண்டி நெய் ஊற்றியதும் மாவு நுரைத்துப் பொங்கும். கண் கண்ணாகத் துளை விழும். கடாயின் ஓரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும், குடித்த நெய்யைக் கக்கத் தொடங்கும். உடனே தட்டில் கொட்டு. முன்னால் இறக்கினால் அல்வா போல் ஒட்டும். பின்னால் இறக்கினால் வில்லை போடும்போது உதிரும்.' மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் குறிப்பேடுகள் அலமாரியில் தூங்குகின்றன.

எழுத்துக்கு அடங்காத பகுதியும் உண்டு. 1985-ல் ஒசாகாவில் மாட்சுஷிட்டா என்ற மின்சாதன நிறுவனம் வீட்டு ரொட்டி இயந்திரம் செய்ய முயன்றபோது மாவு சரியாகப் பிசைபடவில்லை. மாவை எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டும் காரணம் பிடிபடவில்லை. இகுகோ தனாகா என்ற மென்பொருள் நிபுணர் ஒரு பெரிய ஓட்டலின் தலைமை ரொட்டி மாஸ்டரிடம் போய்க் கூடவே நின்று பிசையக் கற்றார். மாஸ்டர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கும் கொடுக்கிறார் என்பது அப்போதுதான் பிடிபட்டது. சட்டுவத்தை எவ்வளவு அழுத்திக் கிளற வேண்டும் என்பதும் அதே வகைதான். குறிப்பில் 'மாஸ்டருடன் நின்று பழகவும்' என்று எழுதிவிட்டு நகருங்கள்.

கூலிப் பேச்சை முதல் நாளே முடித்துவிடுங்கள். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் உள்ளவர் முக்கியமான இடத்தில் முதுகைக் காட்டி நிற்பார், அதில் தப்பும் இல்லை. சொல்லிக்கொடுப்பதற்குத் தனிப் பணம் கொடுங்கள், குறிப்பில் அவர் பெயரையும் போடுங்கள்.

சோதனை எளிது. அந்தப் பண்டத்தைச் செய்திராத ஒருவர் தாளை மட்டும் பார்த்து ஒரு ஈடு போடட்டும், மாஸ்டர் வாய் திறக்கக் கூடாது. செய்பவர் தவிக்கும் இடமெல்லாம் தாளில் ஓட்டை. திருத்தி மறுபடி போடுங்கள். பிறகு கடாய், பர்னர், மாவு மில் இவற்றில் எது மாறினாலும் ஒரு சின்ன ஈடு போட்டுப் பார்த்து எண்களைத் திருத்தி, தேதி போட்டு வையுங்கள்.