தைலமரத் தேர்வில் மார்க்கர்: அளவுநாடாவிலேயே தொடங்கும் தவறுகள்

யூகலிப்டஸ் கிராண்டிஸ் என்ற தைலமர இனத்தின் முழு மரபணுத் தொகுதி 2014இல் வெளியானது. 11 குரோமோசோம்களில் சுமார் 64 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். அதன்பின், நாற்றங்காலில் இருக்கும்போதே இலையைக் கிள்ளி டி.என்.ஏ.வைப் பார்த்து, எந்தக் கன்று நன்றாகப் பருக்கும், எது நல்ல கூழ் தரும் என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை வலுத்தது. நம்பிக்கையில் பிழையில்லை. ஆனால் மார்க்கர், அதாவது ஒரு பண்போடு சேர்ந்து வரும் டி.என்.ஏ. அடையாளம், பற்றிய ஆய்வுகள் தடுமாறும்போது நாம் ஆய்வகத்தைக் குறை சொல்கிறோம். என் கணிப்பில், பாதிக்கு மேற்பட்ட தவறுகள் தோட்டத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

மர அடர்த்தியை எடுத்துக்கொள்வோம். மார்பளவு உயரத்தில் துளைத்தெடுத்த மரக்குச்சியின் உலர் எடையை அதன் ஈரக் கனஅளவால் வகுக்க வேண்டும். 4 கன செ.மீ. ஈரக் கனஅளவும் 2 கிராம் உலர் எடையும் உள்ள குச்சியின் அடர்த்தி கன மீட்டருக்கு 500 கிலோ. அதே குச்சியை மேசையில் போட்டுவிட்டு மறுநாள் அளந்தால், சுருங்கி 3.6 கன செ.மீ. ஆகியிருக்கலாம், அடர்த்தி 556 என்று வரும். மரம் மாறவில்லை, அளந்தவரின் சோம்பல்தான் மாற்றியது. குச்சியை நீரில் நன்றாக ஊறவைத்த பிறகே கனஅளவு எடுக்க வேண்டும். இன்னொரு தவறு, தண்டின் மையத்தை ஒட்டிய இளம்பருவ மரப்பகுதியையும் பட்டையோரத்து மரப்பகுதியையும் சமமாகக் கூட்டிச் சராசரி எடுப்பது. ஆரத்தின் உட்பாதி, குறுக்குவெட்டுப் பரப்பில் கால் பங்குதான். எனவே வெளிப்பகுதிக்கே அதிக எடை தர வேண்டும். சுற்றளவிலும் இதே கவனம் தேவை. பக்கத்துக் கன்று பட்டுப்போன இடத்தில் நிற்கும் மரம் பருத்திருப்பது வெளிச்சத்தாலா, மரபாலா என்பது அளவுநாடாவுக்குத் தெரியாது.

அடுத்த தவறு, ஒரு குடும்பத்தில் கிடைத்த மார்க்கரை எல்லா மரங்களுக்கும் பொருத்துவது. மார்க்கர் பெரும்பாலும் மரபணுவே அன்று, மரபணுவுக்குப் பக்கத்தில் நிற்கும் அடையாளம். ‘வேப்பமரத்துக்கு எதிர்வீடு’ என்று நம்மூரில் வழி சொன்னால் போய்ச் சேரலாம். அடுத்த ஊரிலும் வேப்பமரம் உண்டு, எதிரில் இருப்பது வேறு வீடு. ஒரே தாய் தந்தையின் பிள்ளை மரங்களில் குரோமோசோம் பெருந்துண்டுகளாகவே இறங்குவதால், மரபணுவிலிருந்து வெகுதொலைவில் உள்ள மார்க்கரும் அதனோடு சேர்ந்தே வரும். தொடர்பில்லாத மரங்களிலோ, அயல்மகரந்தச் சேர்க்கையால் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, அந்த உறவு மிகக் குறுகிய தூரத்திலேயே அறுந்துவிடுகிறது. சில இடங்களில் தலைகீழாகவும் மாறும்.

நூறு மரங்களை மட்டும் வைத்துத் தேடினால், தற்செயலாகப் பெரிதாகத் தெரிந்தவையே புள்ளியியல் வாசலைத் தாண்டும். அதனால் கண்டுபிடித்த மார்க்கரின் விளைவு உண்மையைவிடப் பெரிதாகவே பதிவாகும். இதற்கு பீவிஸ் விளைவு என்று பெயர். உண்மை நிலவரம் அடக்கமானது: 2005இல் யூகலிப்டஸ் நைட்டன்ஸ் மரத்தில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளின் உருவாக்கத்தில் பங்குள்ள சி.சி.ஆர். மரபணுவின் வேறுபாடுகளுக்கும் செல்சுவரில் நுண்ணிழைகள் சாய்ந்திருக்கும் கோணத்துக்கும் தொடர்பு காட்டப்பட்டது. அதுவும் மரத்துக்கு மரம் காணும் வேறுபாட்டில் சிறு பங்கையே விளக்கியது. வளர்ச்சியும் மரத்தரமும் பல மரபணுக்களின் கூட்டுவேலை. ஓரிரு மார்க்கரை மட்டும் நம்பி ஒரு குளோனை (ஒரே மரத்தின் மரபணு நகல்களாக வளர்த்த மரவகையை) கழித்துக்கட்டுவது அவசரம்.

குயின்ஸ்லாந்தின் பெட்போர்டிலிருந்து வந்த கமால்டுலென்சிஸ் என்ற தைலமர இனத்தின் விதையையும் வேறிடத்து டெரிடிகார்னிஸ் என்ற இனத்தின் விதையையும் ஒரே ஆய்வில் கலந்து, அந்தக் கலப்பைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், இரண்டு இனங்களுக்கும் இடையே வேறுபடும் எந்த மார்க்கரும் வளர்ச்சியோடு தொடர்புடையதுபோலத் தோன்றக்கூடும். இது பொய்த்தொடர்பு.

வயதையும் மறக்கலாகாது. அமெரிக்காவில் லாப்லாலி பைன் மரங்களில் செய்யப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், மிக இளம் வயது அளவுகளால் உருவாக்கிய மார்க்கர் கணிப்பு மாதிரிகள் 6 வயது மரங்களைக் கணிக்க அதிகம் உதவவில்லை. இடம் மாறினாலும் கணிப்பின் துல்லியம் குறையக்கூடும் என்பதால், எந்த மண்ணில் நடப்போகிறோமோ அங்கேயே ஒரு சோதனைத் தோட்டம் இருக்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் அளவெடுக்கும் நாளன்றே ஒவ்வொரு மரத்திலும் மீண்டும் இலை எடுத்து, தகட்டிலுள்ள குளோன் எண்ணும் டி.என்.ஏ.வும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. நாற்றங்காலில் மாறிப்போன ஒரு தட்டு, நான்காண்டுக்குப் பிறகு எந்தக் கணினிக்கும் புலப்படாது.