பிளவுஸ் தைக்கிறீர்களா? சைடு துணியில் கத்தரி வைக்காதீர்கள்

வீட்டில் தைக்கப் பழகுகிறவர்கள் முதல் பிளவுஸை எடுத்துக்கொண்டு வந்தால், பையைத் திறக்கும் முன்பே பாதி கோளாறு எனக்குத் தெரிந்துவிடும். கழுத்து வாயைப் பிளந்திருக்கும், அக்குளில் சுருக்கம் விழுந்திருக்கும். எல்லாம் ஆரம்பத்தில் நானும் தைத்துத் தள்ளியவைதான். கையை இடம் வலம் மாற்றி வைப்பது, பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் முழு நீளத்துக்கும் ஓட்டுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அதெல்லாம் பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும். பிரித்தாலும் மீளாதவை சில இருக்கின்றன. அதிலும் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும்.

உள்பக்கம் நீட்டாக வரவேண்டும் என்று சைடு துணியை வெட்டுவது

எங்கள் தெருப் பெண் ஒருத்தி. வீடியோ பார்த்தே தையல் கற்றவள், கை சுத்தம். தன் முகூர்த்தப் பட்டுக்குத் தானே பிளவுஸ் தைத்து எடுத்து வந்தாள்.

"அக்கா, உள்ள திருப்பிப் பாருங்க. ஒரு பிசிறு இருக்கா?"

இல்லைதான். இரண்டு பக்கமும் பிரெஞ்சுத் தையல், பென்சில் கோடு மாதிரி.

"சைடுல எவ்வளவுடி விட்டிருக்க?"

"கால் இன்ச்சுக்கா. மீதி தடிப்பா நின்னுச்சு, வெட்டிட்டேன்."

கல்யாணத்துக்குக் கச்சிதமாக இருந்தது. குழந்தை பிறந்து, காதுகுத்துக்கு அதே புடவையைக் கட்டலாம் என்று எடுத்தால் ஹூக் எட்டவில்லை. பிரித்துவிட உள்ளே துணியும் இல்லை. பட்டுப் புடவையின் முனையில் பிளவுஸுக்கென்று வருவது ஏறக்குறைய 80 செ.மீ. அது போனால் போனதுதான். வேறு கடையில் அதே நிறம் கேட்டு அலைந்தால் ஒரு சாயல் கூடவோ குறையவோதான் கிடைக்கும். கடைசியில் அக்குளிலிருந்து இடுப்பு வரை வேறு பட்டில் ஒட்டுப் பட்டை வைத்துக் கொடுத்தேன். கையைத் தூக்கினால் தெரியும். அவளுடைய அம்மாவோ தன் கல்யாண பிளவுஸை டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துவிட்டு, அதே காதுகுத்துக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்!

பிரெஞ்சுத் தையல் மேல் எனக்கு விரோதம் இல்லை. துணியின் உள்பக்கங்களைச் சேர்த்து ஒரு தையல் போட்டு, ஓரத்தை ஒட்ட நறுக்கி, திருப்பி, அந்தப் பிசிறை உள்ளே அடைத்து இன்னொரு தையல் போடுவது அது. குழந்தைக் கவுனுக்கும் மெல்லிய குர்த்திக்கும் அருமையாக வரும். ஆனால் ஓரத்தை நறுக்கினால்தான் அது அமையும். பிளவுஸோ உடம்போடு ஒட்டி நிற்கிற உடுப்பு. உடம்பு ஏறும், இறங்கும். புடவை முப்பது வருஷம் இருக்கும். அதனால்தான் நம் ஊர் டெய்லர்கள் சைடில் தாராளமாகத் துணி விட்டு, பக்கத்துக்குப் பக்கம் இரண்டு மூன்று தையல் ஓட்டுகிறார்கள். அதைப் பார்த்து "ஃபினிஷிங் சரியில்லை" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் கணக்கைப் பார்க்கட்டும்.

சைடு ஓரங்கள் மொத்தம் நான்கு. முன்பக்கத்தில் இரண்டு, பின்பக்கத்தில் இரண்டு. தையலைக் கால் அங்குலம் வெளியே தள்ளினால் சுற்றளவில் 1 அங்குலம் கூடும். அளவுக் கோட்டில் ஒரு தையல், கால் அங்குலம் தள்ளி ஒன்று, இன்னும் கால் அங்குலம் தள்ளி ஒன்று என்று ஓட்டிவிட்டால், உள் தையலைப் பிரித்தால் 1 அங்குலம், அடுத்ததையும் பிரித்தால் 2 அங்குலம். மெஷினில் உட்காரவே வேண்டாம், நூல் பிரிக்கும் ஊசி போதும். அதற்கு ஒவ்வொரு ஓரத்திலும் ஒன்றரை அங்குலம் விடுங்கள்.

விட்டால் மட்டும் போதாது. உடம்பில் ஒன்றரை விட்டுவிட்டு, கையில் அரை அங்குலம் விடுகிறவர்கள் நிறையப் பேர். பிரிக்கும்போது ஆம்ஹோல், அதாவது கையை ஏற்றுகிற வளைவு, பெரிதாகும், கை அப்படியே நிற்கும், அக்குளில் துணி குவியும். இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஆம்ஹோல் வளைவும் அளவுக் கோட்டோடு முடிந்துவிடக் கூடாது. அங்கிருந்து ஓரம் வரை மட்டமாக வெளியே இழுத்து வரைந்து வெட்டுங்கள்.

வரிசையும் முக்கியம். கையின் அடிமடிப்பையும் இடுப்பு மடிப்பையும் முதலில் முடித்துவிடுங்கள். சைடு திறந்திருக்கும்போதே கையை ஏற்றுங்கள். அதன்பிறகு கையின் முனையில் தொடங்கி, அக்குள் வழியாக, இடுப்பு வரை ஒரே ஓட்டத்தில் சைடைப் பிடியுங்கள். சைடை மூடிவிட்டு மடிப்பை அடித்தால், நாளைக்குப் பிரிக்கும்போது மடிப்பையும் சேர்த்துப் பிரிக்க வேண்டிவரும்.

சரி, பிசிறு? அதற்கும் வழி இருக்கிறது, வெட்டத் தேவையில்லை. லைனிங் வைத்த பிளவுஸ் என்றால், பட்டின் நல்ல பக்கத்தின் மேல் லைனிங்கை வைத்து, சைடு ஓரங்களில் மட்டும் கால் அங்குலத்தில் ஒரு தையல் போட்டுத் திருப்புங்கள். பிசிறெல்லாம் இரண்டு துணிக்கும் நடுவே போய்விடும். இந்தக் கால் அங்குலத்துக்காக வெட்டும்போதே 1¾ ஆக விட வேண்டும், கையிலும் அப்படியே. திருப்பியதும் இஸ்திரி போட்டு, இரண்டு துணியையும் கைத்தையலில் சுற்றிலும் பிடித்துவிட்டு, பிறகுதான் டார்ட், அதாவது உடம்பு வளைவுக்காகக் கூர்முனையாகப் பிடிக்கிற மடிப்பு. லைனிங் இல்லாத டூ பை டூ துணி பிளவுஸுக்கு ஒவ்வொரு ஓரத்தையும் தனித்தனியாக மெல்லிசாக மடித்து ஒரு தையல் ஓட்டினால் தீர்ந்தது.

ஓரம் பிசிறாமல் நூலால் சுற்றி அடிக்கிற ஓவர்லாக் கடையில் கொடுப்பதாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த மெஷினில் கத்தி இருக்கிறது. ஓட்டுகிறவர் அவசரத்தில் அரை அங்குலத்தைத் தின்றுவிட்டுக் கொடுப்பார். சைடு பிடிப்பதற்கு முன்பு ஓரங்களைத் தனித்தனியாக அடித்து வாங்குங்கள்.

உள் தையலைப் பிரித்தால் பட்டில் ஊசித் துளை வரிசையாகத் தெரியுமே என்பார்கள். தெரியும். அக்குளுக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்? ஒட்டுப் பட்டைக்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

ஆம்ஹோலை வெட்டாமல் விடுவது

இது நேர் எதிர். வெட்டக் கூடாத இடத்தில் வெட்டுகிறவர்கள், வெட்ட வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறார்கள். கை ஏற்றிய தையலில் பட்டும் லைனிங்குமாக நாலு மடிப்பு சேருகிறது. அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் அக்குளில் கட்டையாக நிற்கும், கையைத் தூக்கும்போது உறுத்தும். கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்து நறுக்கி ஓவர்லாக் அடியுங்கள், அல்லது கிராஸ் துண்டால், அதாவது துணியைக் கோணலாக வெட்டிய பட்டையால், பொதிந்து தையுங்கள்.

லைனிங்கை நனைக்காமல் வெட்டுவது

காட்டன் லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும், மேல் துணி சுருங்காது. பிறகு பிளவுஸின் அடிப்பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டு, வெளித்துணி பை மாதிரி தொங்கும். ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். சிவப்பு, மெரூன் என்றால் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். வெளிர்நிறப் பட்டுக்குள் சாயம் போகிற லைனிங்கை வைத்தால் சித்திரை வெயிலின் வியர்வை ஒன்றே போதும். சுருங்காது என்று பாலியஸ்டர் லைனிங் வாங்குவதும் யோசனைதான், போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்தில் இரண்டு மணி நேரம் உட்கார முடிந்தால்.

கழுத்துப் பட்டியை நேர்த்துணியில் வெட்டுவது

நேர்த்துணி வளையாது, அதனால்தான் கழுத்து வாய்பிளக்கிறது. இந்தப் பட்டிக்கான பைப்பிங் துண்டை 45 டிகிரி கிராஸில் வெட்டுங்கள். ஒன்று முதல் ஒன்றேகால் அங்குல அகலம் சரியாக இருக்கும். தைக்கும்போது துண்டை லேசாக இழுத்துப் பிடியுங்கள், பிளவுஸ் துணியை இழுக்காதீர்கள். திருப்பும் முன் வளைவில் சிறு சிறு வெட்டு கொடுக்க வேண்டும், தையலைத் தொடாமல்.

டார்ட் முனையில் ரிவர்ஸ் அடிப்பது

தையல் பிரியாமலிருக்க மெஷினைப் பின்னோக்கி ஓட்டி அடித்தால் முனையில் குமிழ் நிற்கும். நூலை நீளமாக விட்டு, கையால் முடிச்சுப் போடுங்கள்.

எல்லாம் தைத்து முடித்து ஒரேயடியாக இஸ்திரி போடுவது

ஒவ்வொரு தையலுக்கும் ஒரு இஸ்திரி. சோம்பல் கூடாது.

காட்டனுக்குப் போட்ட ஊசியிலேயே பட்டைத் தைப்பது

16 நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு, 11 நம்பரில் புது ஊசி போடுங்கள். முனை மழுங்கிய ஊசி பட்டின் இழையை இழுத்துவிடும், ஜரிகையைப் பிய்த்துவிடும். முதலில் வெட்டி விழுந்த துண்டில் ஒரு சாண் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பிளவுஸில் கை வையுங்கள்.