கௌனஸில் சாப்பாடும் செலவும்: புதிதாக வருபவர்களுக்கு

கௌனஸுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறீர்கள் என்றால், சாப்பாட்டு விஷயத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளியே சாப்பிடுவதென்றால் மதியம் சாப்பிடுங்கள், ராத்திரிக்கு வீட்டில் சமையுங்கள். லிதுவேனியாவின் இந்த இரண்டாவது பெரிய நகரத்தில் மதியம் எட்டு யூரோவுக்கு வயிறார அனுப்பிவிடும் அதே கடை, மாலையில் உட்கார்ந்தால் பதினைந்துக்குக் குறைந்து விடாது. தட்டில் இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

இணையத்தில் சுற்றும் பழைய விலைப் பட்டியல்களை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். நாலைந்து யூரோவுக்கு முழுச் சாப்பாடு என்று அவற்றில் இருப்பது பொய்யில்லை, காலம் கடந்தது, அவ்வளவுதான். 2022இல் இங்கே விலைவாசி எகிறியது. அதன்பின், உணவகங்களுக்கு 9 சதவீதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரிச் சலுகை 2023 முடிவோடு முடிந்து, 2024 ஜனவரி முதல் வழக்கமான 21 சதவீதம் வந்துவிட்டது. மெனுவில் போட்டிருக்கும் விலையில் வரி அடக்கம்; பில்லில் தனியாக எதுவும் ஏறாது. யூரோவை நூறால் பெருக்கி ரூபாயில் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும். ஒரு காப்பி முந்நூறு ரூபாயா என்று நெஞ்சை அடைக்கும். கொஞ்ச நாளில் போய்விடும், போகத்தான் வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு இங்கே பெயர் 'டியெனோஸ் பியெதூஸ்', அன்றைய மதிய உணவு. வார நாள்களில் காலை பதினோரு மணி வாக்கில் தொடங்கி இரண்டு, மூன்று மணி வரை இருக்கும். கடை வாசலில் கரும்பலகையில் எழுதி வைப்பார்கள், லிதுவேனிய மொழியில் மட்டும்தான். கைபேசிக் கேமராவை நீட்டி மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஒரு சூப், ஒரு முக்கிய உணவு, சில இடங்களில் குடிக்க ஏதாவது, எல்லாம் சேர்த்து ஏழிலிருந்து பத்து யூரோவுக்குள். பன்னிரண்டரைக்கு அலுவலகக் கூட்டம் மொத்தமும் வந்து இறங்கும். இரண்டு மணிக்குப் போனால் பலகையில் பாதி அழிந்திருக்கும்.

இதைவிடச் சிக்கனம் வேண்டுமென்றால் 'வல்கிக்லா' எனப்படும் கேன்டீன்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டும், வேண்டியதைக் கைகாட்ட வேண்டும். மொழி தெரியாதவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பரிமாறும் அம்மா கரண்டியை ஓங்கியபடி ஏதோ கேட்பார். நீங்கள் முழிப்பதற்குள் உருளைக்கிழங்கின் மேல் புளித்த கிரீம் ஒரு கரண்டி விழுந்திருக்கும். வேண்டாமென்றால் முந்திக்கொண்டு 'பெ கிரியெதினேஸ்' என்று சொல்லிவிடுங்கள். அளவு அதிகமாகத் தெரிந்தால் 'பூசே போர்சியோஸ்' என்று பாதி அளவு கேட்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, இந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் கேட்கிறார்கள்.

உள்ளூர்ச் சாப்பாடு என்றதும் எல்லோரும் காட்டுவது செப்பெலினாய். துருவிய உருளைக்கிழங்கைப் பிழிந்து, நடுவில் அரைத்த பன்றி இறைச்சி வைத்து, கைமுட்டியைவிடப் பெரிதாக நீள உருண்டை பிடித்து வேகவைப்பது. ஒரு தட்டில் இரண்டு வரும். விலை எட்டிலிருந்து பதினொரு யூரோ. என் கணக்கில் ஒன்றே போதும், அதற்கு மேல் சாப்பிட்டால் மத்தியானம் வேலை ஓடாது. பெர்னெலியு உஜெய்கா போன்ற பாரம்பரியச் சாப்பாட்டுக் கடைகளில் ஒருமுறை ருசித்துப் பாருங்கள். உரைப்பு என்பது மருந்துக்கும் இருக்காது. உப்பு, மிளகு, வெந்தயக்கீரை, பூண்டு, இதற்கு மேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். செப்பெலினாயில் பாலாடைக்கட்டி வைத்ததும் உண்டு. அதுதான் நமக்கு என்று வாங்கினால், மேலே ஊற்றும் குழம்பில் பொரித்த பன்றிக் கொழுப்புத் துண்டுகள் மிதக்கும். அதன் பெயர் 'ஸ்பிர்குசியாய்'. 'பெ ஸ்பிர்குசியூ' என்றால் அது இல்லாமல் தருவார்கள். பட்டாணி சூப் பார்க்கச் சாதுவாக இருக்கும், பெரும்பாலும் புகையிட்ட பன்றி இறைச்சி போட்டுக் கொதித்தது. கூகெலிஸ் என்ற உருளைக்கிழங்கு அடையிலும் அதே கதைதான். 'பெ மேசோஸ்', அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் கொழுப்பை இறைச்சிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதனால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அசைவத்திலும் தேர்ந்து சாப்பிடுபவர்களுக்கு: கியாவுலியெனா பன்றி, யாவுதியெனா மாடு, விஷ்தியெனா கோழி, ஜுவிஸ் மீன். இந்த நான்கையும் விமானம் ஏறும் முன்பே மனப்பாடம் செய்துவிடலாம்.

நம்பி வாங்கக்கூடிய சைவமும் இருக்கிறது. புல்வினியாய் பிலீனாய் என்ற உருளைக்கிழங்கு அடை, முட்டை சேரும், இறைச்சி வைக்காததைக் கேட்டு வாங்குங்கள். குடைந்தெடுத்த ரொட்டிக்குள் ஊற்றித் தரும் காளான் சூப்பும் நன்றாக இருக்கும். அதில் என்ன சாறு சேர்க்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். கறுப்பு ரொட்டியை நீளமாக நறுக்கி எண்ணெயில் பொரித்து, பூண்டு தேய்த்து, சீஸ் குழம்போடு தரும் கெப்தா துவோனாவைப் பற்றி நிறையச் சொல்லலாம். பீருக்குத் துணையாக வைத்தது, பீர் இல்லாமலும் காலியாகும். ஆறேழு யூரோவுக்கு ஒரு தட்டு வாங்கினால் நான்கு பேர் கொறிக்கலாம். ஜால்கிரிஸ் அணியின் கூடைப்பந்தாட்டம் நடக்கும் நாள்களில் மதுக்கடைகளில் மேசைக்கு மேசை இதுதான் இருக்கும்.

கோடையில் வந்தால் ஷால்டிபார்ஷ்சியாய் குடிக்காமல் போகாதீர்கள். கெஃபீர் என்ற புளித்த பாலில் துருவிய பீட்ரூட், வெள்ளரி, வெங்காயத்தாள், வெந்தயக்கீரை, அவித்த முட்டை போட்டுச் சில்லென்று தரும் சூப். நிறம் கண்ணைப் பறிக்கும் ரோஸ். முதலில் பார்க்கும் நம் ஆள்கள் முகத்தைச் சுளிப்பார்கள், அப்புறம் இது பீட்ரூட் பச்சடிதானே என்று புரிந்ததும் இன்னொரு கிண்ணம் கேட்பார்கள். கூடவே தனித் தட்டில் சூடான உருளைக்கிழங்கு வரும். அதைச் சூப்பில் கொட்டிவிடாமல் ஒரு வாய் சூடு, ஒரு வாய் குளிர்ச்சி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். நான்கைந்து யூரோ. வீட்டில் செய்தால் அதில் பாதிகூட ஆகாது. மிளகாயும் சீரகமும் தாளித்து விட்டால் யாருடைய சாப்பாடு என்றே தெரியாது.

ஆட்டுக்கறி ஏக்கம் வரும். சூப்பர் மார்க்கெட்டுகளில் அது எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கசக்கும். அதற்கு ஒரு சின்ன ஆறுதல் கிபினாய். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் வீதவ்தஸ் பெருங்கோமகன் கிரிமியாவிலிருந்து அழைத்துவந்து டிராகாயில் குடியமர்த்திய கராயிம் மக்களின் பலகாரம் இது. பாதி நிலா வடிவில் சுட்டெடுத்த மாவுக்குள் ஆட்டுக்கறி, வெங்காயம். இப்போது கோழி, காளான் என்று எல்லாம் வைத்து ஊர் முழுக்க விற்கிறார்கள், மூன்று நான்கு யூரோ. ஆட்டுக்கறியா என்று கேட்டு வாங்குங்கள். முடிந்தால் ஒருநாள் டிராகாய்க்கே போய், ஏரிக்கரையில் அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

இனிப்புக்கு, லைஸ்வெஸ் அலேயா என்ற நீண்ட நடைபாதைத் தெருவில் 'ஸ்புர்கினே' என்ற பழைய கடை இருக்கிறது. சோவியத் காலத்து அலங்காரம், அந்தக் காலத்து மேசைகள், பொரித்த ஸ்புர்கா உருண்டைகள். பாலாடைக்கட்டி வைத்த ஸ்புர்காவும் ஒரு காப்பியும் வாங்கினாலும் சில யூரோவோடு முடிந்துவிடும். அதே தெருவில் கண்ணாடி வைத்த புதுக் கஃபேக்களில் காப்பி மட்டுமே மூன்றரை, நான்கு ஆகிவிடும். நண்பர்களோடு உட்கார்ந்து பேசத்தான் அங்கே போவேன், பசிக்குப் போக மாட்டேன்.

மாலையில் உணவகம் போக வேண்டி வந்தால் சில விஷயங்கள். ஒன்பது மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்; கடை பத்து வரை திறந்திருந்தாலும் சாப்பாடு வராது. தண்ணீர் கேட்டால் பாட்டில்தான் வரும், அதுவும் காசு. 'நெகாஜுவோதஸ்' என்று சொல்லாவிட்டால் சோடாவாக வரும் வாய்ப்பு உண்டு. பிர்ஷ்தோனஸ் ஊரிலிருந்து வரும் 'வீதவ்தஸ்' தண்ணீரை மட்டும் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள், உப்புக் கரிக்கும். சிலர் அதை விரும்பியே குடிக்கிறார்கள், அது அவர்கள் பாடு. வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தைரியமாக அப்படியே குடிக்கலாம். இந்த நாட்டுக் குடிநீர் முழுவதும் நிலத்தடி நீர். டிப்ஸ் கட்டாயமில்லை, சேவை பிடித்திருந்தால் பத்து சதவீதம் வைப்பது வழக்கம், கேன்டீனில் தேவையே இல்லை. பில்லைப் பிரித்துத் தரச் சொல்வது இங்கே சகஜம், அவர்களே சேர்த்தா தனித்தனியா என்று கேட்பார்கள்.

சரி, வீட்டுச் சமையலுக்கு வருவோம். மாக்சிமா, ரிமி, இகி, லிடில், நோர்ஃபா என்று ஐந்து பெரிய கடைச் சங்கிலிகள். விலைச் சீட்டில் பெரிதாகத் தெரியும் தள்ளுபடி விலை பல நேரம் அந்தக் கடையின் அட்டையோ ஆப்போ வைத்திருப்பவருக்கு மட்டும். மாக்சிமாவின் 'ஆச்சூ' அட்டை, லிடிலின் ஆப் இரண்டையும் முதல் வாரமே எடுத்துவிடுங்கள். சில கடைகளில் காய்கறியை நீங்களே தராசில் வைத்து, அதற்கான நம்பரை அழுத்தி, ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வர வேண்டும். மறந்தால் பில் போடும் இடத்திலிருந்து திரும்ப ஓட வேண்டியதுதான், பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

மலிவாகக் கிடைப்பது எது என்று பார்த்துச் சமைப்பதுதான் இங்கே பிழைக்கிற வழி. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், வெங்காயம் எல்லாம் பெரும்பாலும் கிலோ ஒரு யூரோவை ஒட்டியே இருக்கும். குளிர்காலத்தில் தக்காளியும் கத்தரிக்காயும் அதற்கு மூன்று மடங்கு, வெண்டைக்காயை மறந்துவிடுங்கள். பால், தயிர், கெஃபீர் எல்லாம் தரமானவை. கெஃபீர் ஒரு லிட்டர் ஒன்றரை யூரோவை ஒட்டி வரும், மோர்க்குழம்புக்குப் பிரமாதம். தயிர்ச் சாதத்துக்கு அதன் புளிப்பு கொஞ்சம் அதிகம். அதற்குச் சர்க்கரை சேர்க்காத சாதா யோகர்ட் எடுங்கள். வர்ஷ்கே என்ற பாலாடைக்கட்டியை மிளகாய், வெங்காயம் போட்டு வதக்கினால் முட்டைப் பொடிமாஸ் போல வரும். கறுப்பு ரொட்டி புளிப்பாக, கனமாக இருக்கும், இரண்டு துண்டிலேயே பசி அடங்கிவிடும். பாஸ்மதி அரிசி, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, டின்னில் தேங்காய்ப் பால் இவை பெரிய கடைகளிலேயே இருக்கும். துவரம்பருப்பு, உளுந்து, புளி, கறிவேப்பிலைக்கு ஆசிய மளிகைக் கடைகளைத் தேட வேண்டும். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் இடம் இருந்தால் அரிசியைச் சுமக்காதீர்கள். சாம்பார்ப் பொடி, பெருங்காயம், காய்ந்த கறிவேப்பிலை, ஒரு சின்னக் குக்கர் போதும். பால், இறைச்சி சேர்ந்த எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை, நெய்யும் அதில் அடக்கம்.

தோசை மாவு பொங்குவது தனிப் பிரச்சினை. வெளியே சராசரி வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் பத்து டிகிரிக்குக் கீழே போன பிறகுதான் நகராட்சி, கட்டடங்களைச் சூடாக்கும் ஏற்பாட்டைத் திறந்துவிடும். அதுவரை, செப்டம்பர் கடைசி வாரங்களில், வீடு சில்லிட்டுக் கிடக்கும். மாவை மின் ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டு விடுங்கள். சூடு வந்த பிறகு ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தால் ராத்திரிக்குள் பொங்கிவிடும். விடுதியில் இருப்பவர்கள் மிளகாய் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். புகை எச்சரிக்கை மணி அடித்தால் கட்டடமே பனியில் வந்து நிற்கும், எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு ஆள் பெரும்பாலும் வீட்டில் சமைத்து, வாரம் இரண்டு முறை மதியம் வெளியே சாப்பிட்டால் மாதம் 220 முதல் 280 யூரோவில் ஓட்டலாம். தினமும் மதியம் வெளியே என்றால் அதற்கே 180 போல எடுத்து வையுங்கள். வோல்ட், போல்ட் போன்ற உணவு டெலிவரி ஆப்களில் அடிக்கடி வரவழைத்தால் இந்தக் கணக்கெல்லாம் கிழிந்துவிடும். இந்திய உணவகங்களில் ஒரு குழம்பு பன்னிரண்டு யூரோவைத் தொடும். சோறு அதில் சேர்த்தியா தனியா என்று பார்த்து ஆர்டர் செய்யுங்கள்.

மது வாங்க இருபது வயது நிறைந்திருக்க வேண்டும், பாஸ்போர்ட்டோ குடியிருப்பு அட்டையோ கேட்பார்கள். கடைகளில் திங்கள் முதல் சனி வரை இரவு எட்டு மணியோடும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியோடும் விற்பனை முடிந்துவிடும். தண்ணீர், பீர், குளிர்பானப் பாட்டில்களின் விலையோடு பத்து சென்ட் வைப்புத்தொகை சேர்ந்திருக்கும். காலிப் பாட்டிலை நசுக்காமல் கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைப் பில்லில் கழித்துக்கொள்ளலாம். அப்புறம், டிசம்பர் 25 அன்று பெரிய கடைகள் பலவும் திறக்காது, 24ஆம் தேதி சீக்கிரமே மூடிவிடுவார்கள். அரிசி, முட்டை, பால் எல்லாம் 23ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள்.