பாட்டியும் பேரனும் சேந்து ஆடற கேமை கிஃப்டா எப்படி பாத்து வாங்கறது

ஒரு வீட்டுக்கு கேம் ஒண்ணு கிஃப்டா குடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, பொங்கலுக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ எல்லாரும் கூடி சாப்பிட்டு முடிச்சு பாய விரிச்சா அதுல யார் யாரு வந்து உக்காருவாங்கன்னு முதல்ல யோசிங்க. ஆறு வயசு வாண்டு ஒண்ணு இருக்கும், போனை விட்டு தலைய தூக்காத காலேஜ் பையன் இருப்பான், சித்தப்பா இருப்பாரு, கண்ணாடிய தேடிக்கிட்டே பாட்டி வந்து உக்காருவாங்க. இவங்க எல்லாரும் ஒரே வட்டத்துல உக்காரணும்னா மூளைய கசக்கற கேம் ஆகாது, ஏன்னா அதுல ஜெயிக்கறவங்களே திரும்ப திரும்ப ஜெயிப்பாங்க, சின்னது மூணாவது ஆட்டத்துலயே அழுதுட்டு எந்திரிச்சு போயிடும். அதிர்ஷ்டத்துல ஓடற கேம்தான் இங்க சரி. பகடை உருட்டறதுல பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே சான்ஸ்தான்.

ஆனா அதிர்ஷ்ட கேம் எல்லாமே இதுக்கு ஒத்து வராது. கடையில பெட்டிய கையில எடுத்ததும் எத்தன பேர் ஆடலாம்னு பாருங்க. லூடோவும் பாம்பு ஏணியும் பெரும்பாலும் நாலு பேருக்குத்தான், பத்து பேர் இருக்கற வீட்ல மிச்ச ஆறு பேர் வேடிக்கைதான் பாக்கணும். லூடோல இன்னொரு தொல்லை, ஆறு விழுந்தாத்தான் காய் வெளிய வரும், அது விழவே விழாம ஒரு குழந்தை மூஞ்சிய தொங்கப் போட்டு உக்காந்திருக்கறத பாக்கவே பாவமா இருக்கும். தாயமும் பரமபதமும் எனக்கு உசுரு, வைகுண்ட ஏகாதசிக்கு கண்ணு முழிக்க பரமபதத்த விட்டா வேற என்ன இருக்கு, ஆனா விடிய விடிய ஆடறதுக்குன்னே இருக்கற ஆட்டத்த சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவுல முடிக்க முடியாது. நமக்கு வேண்டியது ரெண்டு நிமிஷத்துல சொல்லிக் குடுத்து கால் மணி நேரத்துல முடியற கேம், நடுவுல யாரும் அவுட் ஆகி வெளிய போகக் கூடாது, பெட்டி வாங்கும்போது இத மட்டும் மறக்காதீங்க.

இதுக்கெல்லாம் பொருந்தற மாதிரி நான் முதல்ல சொல்றது லெஃப்ட் சென்டர் ரைட். மூணு பகடை, கொஞ்சம் காய், அவ்வளவுதான் பெட்டிக்குள்ள. ஆளுக்கு 3 காய் குடுத்து வட்டமா உக்காரணும். பகடையோட ஆறு பக்கத்துல மூணு பக்கம் புள்ளி, மிச்ச மூணுல எல், சி, ஆர்னு எழுத்து. உங்க கையில எத்தன காய் இருக்கோ அத்தன பகடைய உருட்டணும், எத்தன காய் சேந்தாலும் மூணுக்கு மேல கிடையாது. எல் விழுந்தா இடது பக்கத்து ஆளுக்கு ஒரு காய், ஆர் விழுந்தா வலது பக்கம், சி விழுந்தா நடுவுல போட்டுடணும், நடுவுல போனது திரும்ப வராது, புள்ளி விழுந்தா காய் உங்களுக்கே. கடைசியா யார் கையில மட்டும் காய் மிச்சம் இருக்கோ அவங்கதான் ஜெயிச்சாங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா கையில ஒரு காய் கூட இல்லாதவங்களும் ஆட்டத்துலதான் இருக்காங்க, உருட்டற முறை மட்டும்தான் தாண்டிப் போகும், பக்கத்துல இருக்கறவங்களுக்கு எல்லோ ஆரோ விழுந்தா காய் தானா வந்து சேரும். அதனால வெறும் கையோட உக்காந்திருக்கற பாட்டி பக்கத்துல இருக்கற பேரன் உருட்டும்போது "இந்தப் பக்கம் தள்ளுடா கண்ணா"ன்னு கைய நீட்டுவாங்க, அவன் பகடைய உள்ளங்கையில வச்சு ஊதி ஊதி உருட்டுவான், எழுத்து திரும்பறதுக்குள்ள எட்டு தல குனிஞ்சு பாக்கும். முடிவெடுக்கறதுன்னு ஒண்ணுமே இல்லாத ஆட்டம் இது, ஆனா சத்தம் தெரு வரைக்கும் கேக்கும்.

பக்கத்து கடையில கிடைக்கலன்னா கவலப்படாதீங்க, ஆன்லைன்ல தேடலாம், இல்லன்னா நீங்களே ஒரு செட்டு ரெடி பண்ணலாம். சாதா பகடை மூணு வாங்கி 1, 2, 3 விழுந்தா காய் உனக்கே, 4 இடது, 5 நடு, 6 வலதுன்னு வச்சுக்கிட்டா அதே ஆட்டம்தான். இங்கிலீஷ் எழுத்து படிக்க வராத பெரியவங்க இருக்கற வீட்டுக்கு எனக்கு இதுதான் இன்னும் நல்லதா படுது. காய்க்கு புளியங்கொட்டையோ சோழியோ ஒரு சுருக்குப் பையில போட்டுக் குடுங்க, பாக்கவே அழகா இருக்கும். மிட்டாய வச்சு ஆடினா நடுவுல சேந்தது ஜெயிச்சவங்களுக்கு, அவங்க எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கணும்னு சொல்லிடுங்க. காசு வச்சு மட்டும் பசங்கள ஆட விடாதீங்க, சிரிப்பு அப்பவே போயிடும், அந்தப் பழக்கமும் வேணாம்.

இருபது முப்பது பேர் கூடற வீடுன்னா தம்போலாதான், சிலர் ஹவுசின்னு சொல்வாங்க. 1லருந்து 90 வரைக்கும் நம்பர், ஒருத்தர் கூப்பிடக் கூப்பிட அவங்கவங்க டிக்கெட்ல அது இருந்தா அடிச்சுக்கிட்டே வரணும், டிக்கெட்ல மூணு வரிசை, வரிசைக்கு 5 நம்பர், ஆக மொத்தம் 15. முதல் அஞ்சு நம்பர், நாலு மூலை, மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை, ஃபுல் ஹவுஸ்னு பரிசு பல பேருக்கு போகும், அதான் இதோட பலமே. வாங்கும்போது டிக்கெட்ல எழுத்து பெருசா இருக்கான்னு கண்டிப்பா பிரிச்சுப் பாருங்க, பொடி எழுத்துன்னா பெரியவங்க ரெண்டாவது ரவுண்டே வேணாம்னுடுவாங்க. பேனாவால அடிக்காம நம்பர் மேல ஒரு கொண்டைக்கடலைய வச்சா அதே டிக்கெட்ட திரும்ப திரும்ப ஆடலாம். நம்பர் கூப்பிடறவங்க தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் சேத்து சொல்லணும், "நாப்பத்தேழு, ஃபோர் செவன்"னு, இல்லன்னா ஒரு ஓரத்துல யாராவது முழிச்சுக்கிட்டே இருப்பாங்க.

ஊனோவும் நல்ல கிஃப்ட்தான், 2 பேர்லருந்து 10 பேர் வரைக்கும் ஆடலாம், ஆளுக்கு 7 கார்டு, கலரும் நம்பரும் தெரிஞ்சா போதும். ஆனா அதுல யார எப்ப மாட்டி விடலாம்னு யோசிக்கற வேலை கொஞ்சம் இருக்கு, அதனால ஏழு எட்டு வயசு தாண்டின பசங்க இருக்கற வீட்டுக்கு குடுங்க. 500 பாயின்ட் வர்ற வரைக்கும் ஆடணும்னு விதி இருந்தாலும் ஒரு ரவுண்டோட நிறுத்திக்கலாம்.

வீட்ல மூணு வயசுக்கு கீழ குழந்தை இருக்கான்னு கேட்டுக்கோங்க. சின்ன பகடையும் புளியங்கொட்டையும் வாய்க்குள்ள போயிடும், தொண்டையில சிக்கினா பெரிய ஆபத்து, அப்படிப்பட்ட வீட்டுக்கு இப்போதைக்கு வேற ஏதாவது பாருங்க. 14 வயசுக்கு உள்ள இருக்கற பசங்களோட விளையாட்டுச் சாமானுக்கு 2021 ஜனவரி 1லருந்து நம்ம நாட்டுல ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பசங்களுக்குன்னு விக்கற பெட்டில அது இருக்கான்னு பாத்து வாங்குங்க. பகடையவும் கையில எடுத்துப் பாக்கணும், சாதா பகடைன்னா எதிரெதிர் பக்கத்த கூட்டினா 7 வரணும், முனையெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு பக்கம் தேஞ்ச மாதிரி இருந்தா மாத்திக் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. இந்த மாதிரி பெட்டிங்கள்ல விதி பெரும்பாலும் இங்கிலீஷ்ல பொடிப் பொடியா அச்சடிச்சிருக்கும், அத யாரும் படிக்க மாட்டாங்க, பெட்டி அப்படியே பீரோ மேல போயிடும். ஒரு வெள்ளத்தாள்ல பெரிய எழுத்துல தமிழ்ல அஞ்சாறு வரி உங்க கையால எழுதி மேலாகவே வச்சு பேக் பண்ணுங்க, முடிஞ்சா குடுத்த அன்னிக்கே அந்த வீட்டுக்காரங்களோட உக்காந்து ஒரு ஆட்டம் ஆடிட்டு கிளம்புங்க.