முகவலிக்குப் பிரஷர் குளிசை போடலாமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் அத்தைக்குக் காலையில் முகம் கழுவவே பயம். தண்ணீர் பட்டால் ஒரு பக்கக் கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி சுளீர் என்று ஒரு வலி. சில விநாடிதான், அதற்குள் உயிர் போய் உயிர் வரும். மலையில் கொழுந்து எடுக்கும்போது பனிக்காற்று பட்டாலும் அதேதான். மப்ளர் உரசினாலும் வலிக்கும் என்பதால், அதைக் கன்னத்தில் படாமல் கூடாரம் மாதிரி விலக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. "பல்லும் போச்சு, வலியும் போகல தம்பி" என்றார். இந்த நோயில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். தொட்டால், மென்றால், காற்றுப் பட்டால் மின்னி மறையும் வலி என்றால், பல்லைக் கழற்றுவதற்கு முன் முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த தவறை அவருடைய மகன் செய்யப் பார்த்தான். கல்சியம் செனல் புளொக்கர், அதாவது உடலின் கலங்களுக்குள் கல்சியம் போகும் வாசலை அடைக்கும் மருந்து, முகவலியைக் குறைக்குமா என்று ஆராய்கிறார்கள் என ஃபோனில் படித்திருக்கிறான். "அம்மா போடுற அம்லோடிபின் பிரஷர் குளிசையும் அதுதானே, இன்னொன்று போட்டால் என்ன?" என்றான். பெயர் ஒன்றுதான், வாசல் வேறு. கல்சியம் உள்ளே போகும் வாசல்களில் பல வகை உண்டு. அம்லோடிபின், நிஃபெடிபின் எல்லாம் முக்கியமாக இரத்தக் குழாயில் உள்ள எல் (L) வகையை அடைப்பவை. வலிச் செய்தியைக் கடத்துவதில் பெரிய பங்கு என் (N) வகைக்கு. அதை அடைக்கும் சிகோனோடைட் என்ற மருந்து, கூம்பு நத்தையின் நஞ்சைப் பார்த்துச் செய்யப்பட்டது. 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது விழுங்கும் மருந்தல்ல, முதுகுத்தண்டு நீருக்குள் செலுத்த வேண்டும். டி (T) வகை வாசலையும் ஆராய்கிறார்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபபென்டின், பிரிகபலின் இரண்டும் வாசலை அடைப்பதில்லை, அதன் பக்கத் துண்டொன்றில் ஒட்டிக்கொள்கின்றன. பிரஷர் குளிசையைக் கூட்டிப் போட்டால் கால் வீங்கும், தலை சுற்றும். செங்குத்து மலையில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வலிக்கு 1960களிலிருந்து முதலில் கொடுப்பது கார்பமசெபின். அது அடைப்பது சோடிய வாசலை. நான் அதிகம் பயப்படுவது இங்கேதான். பிரஷருக்கு ஒரு கிளினிக், நரம்புக்குக் கண்டியில் இன்னொன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கொப்பி. அத்தையின் ஷொப்பிங் பையைக் கொட்டினால் சின்னச் சின்னக் கடதாசி உறைகளாக விழும், பாதியில் எழுத்தே அழிந்திருக்கும். கார்பமசெபின் ஈரலை முடுக்கிவிடுவதால் அம்லோடிபின், நிஃபெடிபின் சீக்கிரம் கரைந்து பிரஷர் ஏறலாம். அதே கல்சியம் செனல் புளொக்கர் கூட்டத்தைச் சேர்ந்த வெரபமில், டில்டியசெம் என்றால் கதை தலைகீழ்: கார்பமசெபின் உடம்பில் கூடிப்போய், பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். ஆகவே எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் எல்லா உறைகளும் எல்லாக் கொப்பிகளும் கூடப் போக வேண்டும். கருத்தடை மாத்திரை போடுகிறவர்களும் சொல்லிவிட வேண்டும், கார்பமசெபின் அதன் பலனையும் குறைக்கும்.

கல்சியம் என்ற சொல்லைக் கேட்டுப் பாலை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தேவையில்லை.

கார்பமசெபின் பெனடோல் மாதிரி வலிக்கும்போது மட்டும் போடுகிற குளிசையல்ல; வலி நின்றதும் நாமாகச் சட்டென்று விடவும் கூடாது. ஒரே ஒரு விலக்கு: தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.