குமரி அம்மனைப் பார்க்க மாப்பிள்ளை புறப்பட்ட ஊரிலிருந்து போங்கள்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சூரிய உதயம் பார்த்து, படகில் பாறைக்குப் போய்வந்து, வெயில் ஏறின பிறகுதான் "கோயிலையும் ஒரு எட்டுப் பார்த்திடலாம்" என்று வரிசையில் நிற்கிறார்கள். மூக்குத்தி மின்னியதா இல்லையா என்ற பேச்சோடு கோயில் முடிந்துவிடும். ஆனால் அம்மன் கதை கோயிலுக்குள் மட்டும் இல்லை, சுசீந்திரத்தில் தொடங்கி கடல் வரைக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ரோட்டோரமாகக் கிடக்கிறது. அதனால் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கிவிட்டு, விடியற்காலையில் முதலில் சுசீந்திரத்துக்குப் போங்கள்.

தாணுமாலயன் கோயிலில் சிவனும் திருமாலும் பிரம்மாவும் ஒரே லிங்கத்தில் இருக்கிறார்கள். இதில் சிவன்தான் நம் கதையின் மாப்பிள்ளை. இசைத்தூண்களும் பெரிய ஆஞ்சநேயரும் உங்களை இழுத்துப் பிடிக்கும், இழுக்கட்டும், ஆனால் வெயிலுக்கு முன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்து வழுக்கம்பாறை. கொட்டாரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும், பார்க்க ஒரு சாதாரண ஊர்தான். கதை இதுதான்: பாணாசுரன் என்ற அசுரனுக்குக் கன்னிப்பெண் கையால் மட்டுமே சாவு என்று வரம். பராசக்தி குமரியாகக் கடற்கரையில் வந்து நிற்கிறாள், அவளுக்கும் சுசீந்திரத்துச் சிவனுக்கும் நள்ளிரவு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. கல்யாணம் நடந்தால் அசுரனைக் கொல்ல ஆளில்லை. தேவர்கள் கையைப் பிசைய, நாரதர் சேவலாகிக் கூவுகிறார், விடிந்துவிட்டது என்று நினைத்து மாப்பிள்ளை திரும்பிப் போய்விடுகிறார். அவர் திரும்பின இடம் இந்த வழுக்கம்பாறை. முகூர்த்தம் வழுக்கின இடம் என்று நானாகச் சொல்லிக்கொள்வேன், பெயர்க்காரணம் அதுவல்ல. பஸ்ஸைவிட்டு இறங்கி ஐந்து நிமிடம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் போதும். சீசனாக இருந்து வழியில் அக்கானி, அதாவது பதநீர், கண்ணில்பட்டால் மட்டும் அவசரப்படாதீர்கள்.

இனி கோயில். ஆண்கள் சட்டையும் பனியனும் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், வாசலில் வந்து தெரிந்துகொண்டு முகம் சுளிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேஷ்டி கட்டிக்கொண்டு, சட்டையை வைக்க ஒரு துணிப்பை எடுத்துப் போங்கள். உச்சி நேரத்தில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வரும், பைய நகர்ந்து போகத் தயாராக இருங்கள்.

அம்மன் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறாள், ஆனால் நீங்கள் நுழைவது வடக்கு வாசல் வழியாக. மூக்குத்திக் கல்லின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதால் கிழக்கு வாசலை மூடிவிட்டார்கள் என்று சொல்வார்கள். வருடத்தில் ஐந்து முறைதான் அது திறக்கும், ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் அதில் உண்டு. சன்னதி முன்னால் வந்ததும் மூக்குத்தியைத் தேடாமல் கையைப் பாருங்கள். ஜெபமாலை இருக்கும். கல்யாணம் நின்றுபோன பிறகும் தவத்தில் நிற்கிற பெண் அவள்.

வெளியே வந்ததும் முக்கடல் கூடும் இடத்தில் காலையாவது நனையுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வாணிப வழிகளை எழுதிவைத்த கிரேக்கக் குறிப்பு ஒன்றிலேயே, இங்கே ஒரு பெண் தெய்வம் தங்கி நீராடியதாகச் சொல்லி, மிச்ச வாழ்நாளைத் துறவில் கழிக்க நினைக்கும் ஆண்களும் பெண்களும் வந்து குளிக்கிறார்கள் என்று இருக்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரனின் தாய் சாலி வாரணாசியிலிருந்து குமரியில் நீராடத்தான் கிளம்பி வருகிறாள். இப்போதும் வடநாட்டுப் பாட்டிகள் அதே கடலில் முங்கி எழுகிறார்கள்.

கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் தானியமும் சமைக்காமலேயே மணலாகிப் போனதாம். பாக்கெட்டில் விற்கும் கலர் மணலைப் பார்த்து ஏமாறாமல் கரையில் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கறுப்பாக இருப்பது இல்மனைட், சிவப்பாக இருப்பது கார்னெட், இரண்டும் தாதுக்கள். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

படகு ஓடினால் பாறைக்கும் போகலாம், காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள். 1970-இல் விவேகானந்தர் மண்டபம் திறப்பதற்கு முன்பிருந்தே அது ஸ்ரீபாதப் பாறை. ஒற்றைக்காலில் தவம் செய்த அம்மனின் பாதத் தடம் என்று அங்கே ஒன்று உண்டு. எல்லாரும் போட்டோ எடுப்பதில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பாணாசுரன் என்ன ஆனான் என்று கேட்டால், அதற்கு விஜயதசமிக்குத்தான் வர வேண்டும். மதியத்துக்கு மேல் அம்மன் வெள்ளிக் குதிரையில் மகாதானபுரம் போய் அம்பு எய்து அவனை முடிப்பாள், அதற்குப் பெயர் பரிவேட்டை. திரும்பி வந்து கடலில் ஆராட்டு, அதாவது நீராட்டு, முடித்து, அந்தக் கிழக்கு வாசல் வழியாக உள்ளே போவாள். அன்றைக்கு வண்டியில் வராதீர்கள், வந்துவிட்டால் கொட்டாரம் பக்கமே எங்காவது நிறுத்திவிட்டு ஊர்வலத்தோடு நடந்துவிடுங்கள்.