ஏற்காடு ஏற்றத்தில் எரியும் இன்ஜின் விளக்கு: கோடு (code) படித்துப் பழுது காணும் முறை

சேலத்துச் சமவெளியில் மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த இன்ஜின் குறை, அடிவாரம் தாண்டி ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஏதாவது ஓரிடத்தில் வெளிப்பட்டுவிடும். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறுகையில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் தீப்பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதால், தீப்பொறி தரும் பிளக் தேய்ந்திருந்தாலோ, அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் பலவீனமாக இருந்தாலோ அவை அங்கேதான் தோற்கின்றன.

டாஷ்போர்டில் இன்ஜின் படமுள்ள எச்சரிக்கை விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிச் சென்று பார்த்துக்கொள்ளலாம். மினுக்கினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கமுள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கிறது என்று பொருள்; வளைவைக் கடந்து, சாலை அகலமாக இருக்கும் இடத்தில் ஓரங்கட்டி நிறுத்துவதே சரி.

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கம், பதினாறு முனை கொண்ட ஓபிடி சாக்கெட் (இன்ஜின் கணினி பதிந்த பழுதுகளைப் படிக்கும் இணைப்பு) இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகி, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பழுதைக் குறிக்கும் கோடை, அதாவது பி0302 போன்ற குறியீட்டு எண்ணைப் படியுங்கள். கோடை அழிப்பதற்கு முன் அதனுடன் பதிவாகியிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரங்களை, அதாவது குறை தோன்றிய நொடியின் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், இன்ஜின் சுமை ஆகியவற்றை எழுதிக்கொள்வது மிக அவசியம். அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். பட்டறைகளில் முதல் வேலையாக அழித்துவிடுகிறார்கள் என்பதே எனக்குள்ள பெரிய குறை.

பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. காயில் கெட்டது என்று அது சொல்லவில்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள இன்ஜினில், ஆறிய பிறகு, இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். கோடை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில் மீண்டும் ஏறிப் பாருங்கள். பி0303 என்று மாறி வந்தால் குற்றவாளி காயில். பி0302 ஆகவே நின்றால், அதே முறையில் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டரின் அழுத்தமான கம்ப்ரஷன் என்று அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பிளக்கைக் கழற்றும்போது அதன் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜினின் மேல்மூடியை அடைக்கும் டேப்பட் கவர் கேஸ்கெட் கசிந்தால் காயிலின் ரப்பர் உறை ஊறி, தீப்பொறி பக்கவாட்டில் ஓடிவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மீது மெல்லிய கருங்கோடு தெரிந்தால் அதுவே சாட்சி.

பி0171, அதாவது காற்று கூடி எரிபொருள் குறைந்த கலவை என்ற கோடு வந்தால், "மலைக் காற்று அப்படித்தான்" என்பார்கள். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் குறைவதை இன்ஜின் கணினியே அளந்து எரிபொருளைக் குறைத்துக்கொள்ளும், உயரம் மட்டும் இந்தக் கோடை வரவழைக்காது. ஸ்கேனரில் எரிபொருள் டிரிம்மை, அதாவது கலவையைச் சரிசெய்யக் கணினி எரிபொருளைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதத்தைப் பாருங்கள். ஐடிலில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறி நின்று, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ வாக்குவம் ஹோஸ் (இன்ஜினின் உறிஞ்சுவிசையைக் கடத்தும் ரப்பர் குழாய்) கசிந்து காற்றை இழுக்கிறது. மாறாக, சுமை கூடக்கூட ஏறினால் எரிபொருள் பம்ப், ஃபில்டர் பக்கம் தேட வேண்டும். இதைப் பார்க்காமல் ஒரு பட்டறையின் பேச்சைக் கேட்டு நான் புதிய ஆக்ஸிஜன் சென்சார் வாங்கிப் போட்டேன். கோடு மூன்றாம் நாளே திரும்பி வந்தது. கடைசியில் இன்டேக் மேனிஃபோல்டின் பின்புறம், வெயிலில் காய்ந்த தோல்போல் வெடித்திருந்த விரல் நீள ஹோஸ்தான் காரணம்.

பி0420 கன்வெர்ட்டரின் திறனைக் குறிக்கும் கோடு. மிஸ்ஃபயரும் எக்ஸாஸ்ட் கசிவும் இல்லை என்று உறுதியாகும்வரை அந்த விலையுயர்ந்த பாகத்தைத் தொட வேண்டாம்.

சரிசெய்த பின் விளக்கு அணைந்ததோடு நிற்காமல், ஒரு காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, அடிவாரத்திலிருந்து மேலே வரை ஒருமுறை ஏறி இறங்கி, ஸ்கேனரில் நிலுவைக் கோடு (விளக்கை இன்னும் எரியவைக்காமல் பதிவாகியிருக்கும் கோடு) ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.